அஞ்சாலைக்கு ஒரு கை உப்பு

கோயமுத்தூரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு நாம் அந்தத் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்கள், ஆனால் பின்னால் வரும் காபியில் தெரியும். அப்பேர்ப்பட்ட தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டுப்போனவர்கள் என்று நான் கண்ணால் பார்த்தது இரண்டே பேரைத்தான். ஒரு ஒயர் கூடைக்குள், தண்ணீர் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் சுருண்டு கிடந்தபடி, என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு செல்வபுரத்தில் இருந்தது. வீட்டுக்காரருக்குக் கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை, மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. பகலெல்லாம் இரும்புச் சத்தத்தில் நிற்கிற மனிதருக்கு வீட்டில் சத்தம் போடாத ஏதாவது ஒன்று வேண்டும். நான் அந்த ரகம் இல்லை என்பதால் மீன் வளர்த்தார். ஹாலில் டிவிக்கு எதிர்ச்சுவரை ஒட்டி நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்கான இரும்பு ஸ்டாண்டை அவரே பட்டறையில் வெல்டிங் வைத்து எடுத்து வந்தார். யானை ஏறி நின்றாலும் தாங்கும். அதில் கறுப்பு மோலிகளும் இரண்டு கொராமிகளும் இருந்தன. அவை பாட்டுக்கு இருந்தன, நான் பாட்டுக்கு இருந்தேன்.

அன்றைக்குக் கூடையை எட்டிப் பார்த்ததும் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, பாம்பைப் புடிச்சுட்டு வந்திருக்கறீங்க?"

"பாம்பில்ல புள்ள. அஞ்சாலை. மீனுதான்."

"மீனுக்கு இந்த மூஞ்சி எதுக்குங்க?"

"உக்கடத்துப் பாய் கடையில வந்துச்சு. கொச்சிப் பக்கத்துல, ஆறு கடல்ல சேர்ற எடத்துல புடிச்சதாம். ஆத்து மீனு."

ஆறு கடலில் சேர்கிற இடம் என்று பாய் சொன்னதில் ஆற்றை மட்டும் எடுத்துக்கொண்டு கடலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அது அப்போது எனக்கும் உறைக்கவில்லை. கடலை எங்கள் இருவரில் யாரும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. கல்யாணமான புதிதில் கன்னியாகுமரிக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

முழங்கை நீளம், கரும்பழுப்பு உடம்பு, அதன் மேல் கம்பு மாவைத் தூவியதுபோல மஞ்சள் புள்ளிகள். சின்னக் கண். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் சரியாகத் தெரியாதாம், மோப்பம்தான் எல்லாம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று பழமொழியில்தான் கேட்டிருக்கிறேன், இவையும் அந்த ஜாதிதானாம். இந்த வீட்டில்தான் ஏற்கெனவே ஒருத்தர் அம்மாவுக்குத் தலையும் எனக்கு வாலும் காட்டிக்கொண்டு இருக்கிறாரே, இன்னும் இரண்டு எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பையை அவிழ்த்தார்.

பட்டறையில் மிச்சமிருந்த பிவிசி குழாயில் ஒரு துண்டு அறுத்து, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கித் தொட்டிக்குள் போட்டார். இரண்டும் அதே குழாய்க்குள் புகுந்து, ஒரே வாய் வழியாக இரண்டு தலைகளையும் வெளியே நீட்டிக்கொண்டன. நீட்டி, வாயைத் திறந்து மூடின. திறந்து மூடின. மூச்சு விடுவது அப்படித்தான் என்று அவர் சொன்னார். எனக்கோ ஏதோ சொல்ல வந்துவிட்டு வேண்டாமென்று நிறுத்திக்கொள்வதுபோல இருந்தது. அந்த நாளில் எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான் இருந்தோம்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஓடியிருந்தது. குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம், இருவரையும் பார்த்தார்கள், இருவரிடமும் குறை இல்லை என்றார்கள். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் யாரோ ஒருவர்மேல் கோபப்பட்டுத் தீர்த்திருக்கலாம். எனக்குக் கோபம் சுலபமாக வரும். அது வந்து போக ஓர் இடம்கூட இல்லாமல் இருந்தது.

அத்தை எங்களோடு இருந்தார். மாமனார் போன பிறகு வெள்ளகோவில் பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்துவிட்டவர். அதிகம் பேசமாட்டார். நான் காலையில் பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளிக்குப் போய், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்து, சட்டைப் பட்டன் போட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி வருவேன். எனக்காகப் பாலைச் சுண்டாமல் அடுப்போரத்தில் வைத்திருப்பார். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், காய்கறிக்காரி வரைக்கும் எல்லாரும் கேட்டுவிட்டார்கள், "ஏனம்மணி, விசேசமில்லையா?" என்று. அத்தை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். இவர் என்றைக்கோ ஒரு நாள் வாயைத் திறப்பார், அன்றைக்கு வெறும் கேள்வியாக இருக்காது, முடிவாகத்தான் இருக்கும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சாலைகள் சாப்பிடவில்லை. மீன் தீனியை வீசினால் மோலிகள் பாய்ந்து வந்து தின்றன. இவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து இறால் வாங்கி வந்து தோலுரித்து, ஈர்க்குச்சியில் குத்தி மூக்குக்கு முன்னால் ஆட்டினோம். குழாய்க்குள் தலையை இழுத்துக்கொண்டன. வீட்டுக்காரர் தண்ணீர் சரியில்லை என்று முடிவுகட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாதித் தொட்டியை இறைத்து வெளியே கொட்டிவிட்டு, முந்தின நாளே டிரம்மில் பிடித்து ஆறவைத்த சிறுவாணியை ஊற்றினார்.

"இதைவிட நல்ல தண்ணி ஒலகத்துலயே இல்லை புள்ள," என்பார் ஊற்றும்போது.

நல்ல தண்ணீர் ஏற ஏற அவை வாடின. புள்ளிகள் மங்கின. உடம்பின் மேல் கஞ்சி ஆடை படிந்ததுபோல ஒரு வெள்ளை. கடையிலிருந்து நீல மருந்து வாங்கி வந்து ஊற்றினார், தொட்டி முழுக்க நீலமாகி, டிவி பார்த்துக்கொண்டிருந்த எங்கள் முகமெல்லாம் நீலமாகத் தெரிந்தது. அதற்கும் மசியவில்லை.

போதாததற்கு ஒரு தடவை ஒன்று மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து டிவிக்கு அடியில் கிடந்தது. ஈரத் துண்டில் சுற்றி எடுத்து விட்டோம். அதன் பிறகு மூடிக் கண்ணாடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டார். சட்னி அரைக்க வேண்டுமென்றால் நான் அஞ்சாலைகளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் நங்கையா வந்தார். வீட்டுக்காரரின் அக்கா. வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருந்தது. கை நிறைய முருங்கைக்காயும் வாய் நிறையப் பேச்சுமாகத்தான் எப்போதும் வருவார். கெட்டவர் இல்லை. மனசில் பட்டதை அங்கேயே வைத்துக்கொள்ளத் தெரியாதவர், அவ்வளவுதான். தொட்டிக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தார். மோலி ஒன்று அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. மிளகு மிளகாகக் குட்டிகள் பாசிக்குள் ஓடின.

"உங்கூட்டு மீனுகூட மாசாமாசம் குட்டி போடுதே அம்மணி," என்றார்.

நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றிக்கொண்டே இருந்தேன். காபி ஆறிப் போயிற்று.

பிறகு அவர் குழாய்க்குள் இருந்த தலைகளைப் பார்த்துவிட்டார். கத்தவில்லை, ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். அங்கே அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நங்கையா மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசினால் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

"அம்மா, உனக்குப் புத்தி இருக்குதா? பாம்பாட்டம் இருக்கறதக் கண்ணாடிக்குள்ள அடைச்சு வெச்சா நாகரு எப்படிப் புள்ளை குடுப்பாரு? மொதல்ல அதுங்களை ஊட்டை உட்டு அனுப்பு."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பறம் நானொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. காங்கயத்துல நம்ம ஒறமொறையில ஒரு புள்ளை இருக்குது. தாலி கட்டி மூணு மாசத்துல புருசன் போயிட்டான். நல்ல புள்ளை. தம்பி நாஞ்சொன்னாக் கேக்க மாட்டான். நீ ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்குவான். இவளும் இருந்துட்டுப் போகட்டும், யாரு வேண்டாங்கறா?"

அதற்கும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "மாட்டேன்" என்று சொல்லவில்லை. "என்ன பேச்சுப் பேசற" என்று சொல்லவில்லை. கீரைத் தண்டு ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சோறு ஆறுது, வா," என்றார்.

நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தலைகளும் என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடின. எங்களில் யாரை முதலில் அனுப்புவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நங்கையா ஊருக்குப் போனார். வீட்டுக்காரரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அக்காவோடு சண்டைக்குப் போவார். சண்டை போட்டுவிட்டு வந்து மூன்று நாள் பேசாமல் இருப்பார், அந்த மூன்று நாளில் நான் எதை எதையோ யோசித்துக்கொள்வேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவர் அஞ்சாலைகள் மேலேயே நம்பிக்கை இழந்திருந்தார். "போச்சாது, இருக்கற வரைக்கும் இருக்கட்டும்," என்று தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிட்டார். அவற்றின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்ததே அதன் பிறகுதான். பள்ளியிலிருந்து வந்ததும் புடவை மாற்றாமல்கூட ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு தொட்டியோரத்தில் உட்கார்ந்துவிடுவேன். தின்னு சாமி, ஒரே ஒரு வாய் என்று கெஞ்சுவேன். பள்ளியில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க மறுக்கிற பிள்ளைகளிடம் பேசுகிற அதே பேச்சு. இவை பிழைக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். இவை செத்துவிட்டால் எனக்கும் ஏதோ முடிந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சில வாரம் போயிற்று. ஒரு நாள் குழாயிலிருந்து ஒரு தலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. இறாலை மூக்கருகே கொண்டுபோனேன். தலை இப்படியும் அப்படியுமாகத் தடவிப் பார்த்தது, பிறகு வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஈர்க்குச்சி கையைவிட்டுப் போய்விட்டது. மறுநாள் இரண்டாவதும் தின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் இறால் தின்றதற்கு அழுகிற பெண்பிள்ளையை ஊரில் யாராவது பார்த்திருக்கிறார்களா தெரியவில்லை. நான் அழுதேன், நன்றாகவே அழுதேன். அத்தை சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளை ஆடை உரிந்தது. புள்ளிகள் பளிச்சென்று எழுந்தன. மோலிகளும் முன்னைவிடத் துள்ளின. கொராமிகள் இரண்டு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின, அதற்குக் காரணம் புரியவில்லை. வீட்டுக்காரர் எல்லாப் பெருமையையும் நீல மருந்துக்குக் கொடுத்தார். "மருந்து மெதுவாத்தான் புள்ள வேலை செய்யும்," என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதற்கு நடுவில் என் உப்பு ஜாடி குறைந்துகொண்டே வந்தது. கல்லுப்பை வண்டிக்காரியிடம் படியால் அளந்து வாங்கிப் பீங்கான் ஜாடியில் கொட்டிவைத்தால் எங்கள் மூன்று பேருக்கு மாசக் கணக்கில் வரும். அந்த முறை பாதி மாசத்தில் அடி தெரிந்தது. மறுபடி வாங்கினேன், மறுபடி அடி தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வேலையாள் கிடையாது. நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு உப்பு எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

உப்பு எங்கள் பக்கத்தில் லேசுப்பட்ட சாமான் இல்லை. விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்குக்கூட உப்புக் கொடுக்கமாட்டார்கள். கண் பட்டால் உப்புச் சுற்றிப் போடுவார்கள். உடம்பில் மரு வந்தாலோ கட்டி வந்தாலோ மாரியம்மனுக்கு உப்பு வேண்டிக்கொண்டு, செவ்வாய், வெள்ளியில் கோயில் குளத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள். உப்புக் கரைவதுபோல வந்த பீடை கரைய வேண்டும் என்பது வேண்டுதல். அதை நினைத்ததும் எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டுக்கு வந்த பீடை யார்? காங்கயத்துப் பெண்ணுக்கு வழிவிட வேண்டியவள் யார்? இப்படி நினைத்தது தப்பென்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சமையல்கட்டுப் பேச்சைக் கேட்டுவிட்டு அந்த ஜாடியைத் திறந்து பார்த்திருந்தால் யாருக்கும் இதுதான் தோன்றியிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டு வாசல் திறந்துதான் இருந்தது. ஹாலுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அத்தை தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். தலைக்குக் குளித்து, ஈரம் உலராத கூந்தலை முடிந்திருந்தார். அம்மிக் குழவி தரையில் இருந்தது. ஒரு கையால் மூடிக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. உப்புக்கற்கள் மெதுவாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தன. அவை கரைகிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தை."

திரும்பிப் பார்த்தார். கையை மறைக்கவில்லை.

"என்னுங்க பண்றீங்க?"

"உப்புப் போடறேன் அம்மணி."

"அது தெரியுதுங்க. எது கரையோணும்னு போடறீங்க? நானுங்களா?"

கேட்டுவிட்டேன். ஆறு வருஷம் தொண்டையில் நின்றது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

அத்தை என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அடி வாங்கிய முகம்.

"உன்னையப் போயி எதுக்குக் கண்ணு நான் கரைக்கோணும்?"

"அப்பறம் என்னுங்க வேண்டறீங்க? புள்ளை வேணும்னுங்களா?"

"அது வேண்டி வேண்டி அலுத்துப்போச்சே. பழனிக்கு நடந்தேன். எங்கூரு மாரியாத்தாவுக்குத் தீச்சட்டி எடுத்தேன். வேண்டாத சாமியில்லை. இது வேற." மூடியைப் பிடித்திருந்த கை வலித்திருக்க வேண்டும், கொஞ்சம் தாழ்த்தினார். "எம்பட ஆசை கரையோணும்னு வேண்டறேன்."

எனக்குப் புரியவில்லை.

"பேரனைத் தூக்கோணும், பேத்தியைத் தூக்கோணும்னு நெஞ்சுக்குள்ள ஒண்ணு கெடக்குது பாரு, கல்லாட்ட. அது கெடக்கற வரைக்கும் என்னைக்காவது எம்பட வாயில ஒரு வார்த்தை வந்துபோடும். இத்தனை நாளு பல்லைக் கடிச்சுட்டு இருந்துபோட்டேன். அன்னைக்கு எம்மவ வந்து அந்தக் காங்கயத்துப் புள்ளையைப் பத்திச் சொன்னாளே, நீ கேட்டுட்டுத்தான் இருந்தே, எனக்குத் தெரியும். அப்ப ஒரு நிமிசம் எனக்கும் தோணிப்போச்சு அம்மணி. அவ சொல்றதும் சரிதானேன்னு. தோணிப்போச்சு. நாங் காச்சல்ல கெடந்தப்ப எனக்குக் கால் புடிச்சு உட்டவ நீ. உன்னைய வெச்சுட்டு எனக்கு இப்படித் தோணலாமா? அதுக்கு அடுத்த செவ்வாக்கெழமையில இருந்து போடறேன். செவ்வாயும் வெள்ளியும்."

"கோயில்லதானுங்க போடுவாங்க."

"எங்கூருக் கோயில் கொளம் காஞ்சு கெடக்குது. இங்க கோயில்ல கொட்டுனா அப்படியே குமிஞ்சு கெடக்குது, பொழுதோட அள்ளிக் கொட்டிப்போடறாங்க. அது கரையறத நான் கண்ணுல பாக்கோணுமல்லோ. இந்தத் தொட்டியில பாத்துட்டே இருக்கலாம். அதுங்க பாம்போ மீனோ, தலையை நீட்டிட்டு நிக்கறதப் பாத்தா சாமி கேக்கறாப்பலதான் இருக்குது."

எதற்கும் பதிலுக்குப் பதில் பேசிப் பழகியவள் நான். என் வீட்டில் என் அப்பா எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரே பட்டாசு. அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இந்த அம்மாள் என்னைக் காயப்படுத்திவிடக் கூடாது என்று தன் ஆசையைப் பிடி பிடியாக அள்ளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கிறார், என் சமையல்கட்டு உப்பிலேயே. என்னைப் பெற்றவள்கூட எனக்காக இதைச் செய்திருப்பாளா என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் மூடிக் கண்ணாடியை என் கையில் வாங்கித் தூக்கிப் பிடித்தேன். அத்தையின் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்தது.

"போடுங்க அத்தை," என்றேன்.

போட்டார். இரண்டு பேரும் அது கரைகிற வரைக்கும் நின்று பார்த்தோம். பிறகு அவர் குழவியைத் தூக்கப் போனார், நான் விடவில்லை, நானே தூக்கி வைத்தேன். அன்றைக்கு எனக்கான பாலில் கொஞ்சம் அவர் குடித்தார்.

வீட்டுக்காரருக்கு விஷயம் வேறு வழியாகத் தெரிந்தது. மருந்தின் பெருமையைச் சொல்ல உக்கடத்துக்குப் போயிருக்கிறார். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மருந்தெல்லாம் இல்லை, யாரோ உப்புப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆறும் கடலும் கலக்கிற இடத்துத் தண்ணீர் நல்ல தண்ணீரும் இல்லை, கடல் தண்ணீரும் இல்லை, இரண்டுக்கும் நடுவாந்திரம். அதில் பிறந்த ஜீவனைச் சிறுவாணியில் போட்டால் எப்படி இருக்கும்? மோலிக்கும் அந்த உப்பு ஆகும், கொராமிக்கு ஆகாது. ஒரேயடியாகக் கொட்டியிருந்தால் அஞ்சாலையும் செத்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டதால்தான் பிழைத்தது என்றாராம். இவர் நேராக வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நாந்தான்," என்றார் அத்தை.

"எதுக்குங்கம்மா?"

"சாமிக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சாமி என்று சொன்னபின் மேலே கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அவருக்கு லேத்காரப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. "இந்த அளவு போதுமுங்கம்மா. இனிமேப் போட்டா எச்சாயிரும். தண்ணி வத்துச்சுன்னா நல்ல தண்ணி மட்டும் ஊத்திக்கலாம். தண்ணிதான் காத்துல போகுமே தவிர உப்புப் போகாது, அது உள்ளேயேதான் இருக்கும்," என்று விளக்கினார். அத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"போதுமா?" என்றார்.

"போதுமுங்க."

அத்தோடு அத்தை உப்புப் போடுவதை நிறுத்தினார்.

அடுத்த தடவை நங்கையா வந்தபோது அஞ்சாலைகள் குழாயைவிட்டு வெளியே வந்து தொட்டி முழுக்க நீந்திக்கொண்டிருந்தன. அவர் கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"இன்னமும் இதுங்களை அனுப்பலையா? அப்பறம் அன்னைக்கு நாஞ்சொன்னது..."

அத்தை இலையில் சோற்றைப் போட்டார். குரலை உயர்த்தவில்லை.

"அதுங்களும் இங்கதான் இருக்கும். எம்மருமகளும் இங்கதான் இருப்பா. நீ வந்த களைப்புக்குச் சோத்தைத் தின்னு."

நங்கையா தின்றார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். எனக்கும் அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால், பிறகு பிறந்திருக்கும் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பிறக்கவில்லை. வலித்தது, கொஞ்ச காலம் நன்றாகவே வலித்தது. அஞ்சாலைகள் எங்களோடு வருஷக்கணக்கில் இருந்தன. கை மணிக்கட்டுப் பருமனுக்கு வளர்ந்து, பிவிசி குழாயை இரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தது. அத்தை இறாலைக் கையால் தொடமாட்டார், செவ்வாய், வெள்ளியில் அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. ஆனால் மற்ற நாளில் நான் வர நேரமாகிவிட்டால், "அதுங்க வாசலைப் பாத்துட்டே இருக்குது, சீக்கிரம் வா," என்று பள்ளிக்கே ஆள் அனுப்பிவிடுவார்.

அந்தப் பத்தாண்டின் கடைசி வெயில் காலம் என்று நினைக்கிறேன். தொட்டியில் தண்ணீர் வற்றியிருந்தது. நான் சொம்பில் சிறுவாணியை எடுத்து வந்தேன். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அப்போது அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டிருந்தது. எங்களுக்குள் அந்தப் பேச்சு அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒரு தடவைகூட வந்ததில்லை. அன்றைக்கு என்னவோ கேட்க வேண்டும்போல இருந்தது.

"அத்தை, அன்னைக்கு வேண்டிக்கிட்டீங்களே. கரைஞ்சுதுங்களா?"

அத்தை கையை நீட்டித் தண்ணீரில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கரைஞ்சுது கண்ணு. கல்லாட்டக் குத்துனது அப்பவே போச்சு," என்றார். "ஆனா தண்ணிக்குள்ளயேதான் இருக்குது. எம்மவன் அன்னைக்கே சொன்னானல்லோ."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விரல் நுனி இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு மறு கையால் சொம்பைச் சாய்த்து, ஓரமாக, மெதுவாக ஊற்றினேன். குழாய்க்குள்ளிருந்து இரண்டு தலைகளும் வெளியே வந்து வாயைத் திறந்து மூடின.